‘நேர கண்டு கதைச்சாத்தான் சரிவரும்’ என்பவர்களுக்கு

வன்னியில் உளநலம் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், தேநீர் வருவதற்குச் சற்று முன் ஒருவர் எழும்பி இதைச் சொல்லிவிடுவார்: “எங்கட சனத்துக்கு உந்த ஒன்லைன் கவுன்சிலிங் எல்லாம் சரிவராது. நேர கண்டு கதைச்சாத்தான் சரிவரும்.” மண்டபம் தலையாட்டும். சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனிதர். ஓய்வுபெற்ற அதிபராக இருப்பார், அல்லது அருட்தந்தையாக, உளவளத்துணை உத்தியோகத்தராக, ஏதாவதொரு தொண்டு நிறுவனத்தின் திட்ட இணைப்பாளராக இருப்பார். அவர் வந்திறங்கிய வாகனம் வெளியே வேப்பமர நிழலில் நிற்கும்.

அந்த வாகனம் இல்லாதவர்களிடமிருந்து தொடங்குகிறேன். மல்லாவியில் இருக்கும் ஒரு பெண் முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவள். மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. மல்லாவியிலிருந்து மாங்குளம் வந்து, அங்கே பஸ் மாறி, ஒட்டுசுட்டானைத் தாண்டிப் போகவேண்டும். அறுபது கிலோமீற்றருக்கு மேல். விடியற்புறம் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுப் புறப்பட்டால், கிளினிக் வாசலில் கொப்பியை அடுக்கிவிட்டுக் காத்திருந்து, மருத்துவர் முன் ஐந்து நிமிடம் இருந்து எழும்பி, குளிசை எடுக்க இன்னொரு வரிசையில் நின்று, வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவும் மருந்துக்கான கிளினிக் மட்டும்தான். பேசித் தீர்க்கும் சிகிச்சைக்கு வாரம் ஒருமுறை முக்கால் மணி நேரம் வேண்டும். அதே ஆளோடு எட்டு, பத்து, பன்னிரண்டு வாரம் தொடரவேண்டும். கச்சான் பிடுங்குகிற காலத்திலோ அருவிவெட்டுக் காலத்திலோ வாரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் காசும் கொடுத்து, மூன்று மாதம் இப்படிப் போய்வரச் சொல்லி அந்தப் பெண்ணிடம் கேட்க யாருக்கு வாய் வரும்? அவள் இரண்டு தடவை போவாள். மூன்றாவது தடவை பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அதோடு பதிவேட்டில் ‘தொடர்ந்து வரவில்லை’ என்று எழுதப்படும். பிறகு அதே பதிவேட்டை வைத்துக்கொண்டு, எங்கள் சனத்துக்கு உளவளத்துணையில் அக்கறை இல்லை என்று அடுத்த கூட்டத்தில் ஒருவர் பேசுவார்.

கால் இழந்தவர்களும் முள்ளந்தண்டில் செல் துண்டு பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காதவர்களும் இந்த மண்ணில் எத்தனை பேர் என்று வன்னியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பஸ்ஸை ஏ9 வீதியில் நான் கண்டதில்லை. ஓட்டோ பிடித்தால் போகவர ஆகும் கூலியில் ஒரு வாரத்துச் சமையல் சாமான் வாங்கலாம். படுக்கைப் புண்ணோடு கிடக்கும் ஒருவரிடம் போய், மனம் ஆறவேண்டுமென்றால் நேரில் வாரும் என்பதை எப்படிப் பண்பாட்டு அக்கறை என்று சொல்வது?

ஆக, ‘நேரில் நல்லதா, திரையில் நல்லதா’ என்ற கேள்வியையே வன்னிக்குப் பொருந்தாத இடத்திலிருந்து கேட்கிறார்கள். கொழும்பு ஏழில் இருப்பவருக்கு அது உண்மையான தெரிவு. இரண்டில் எதையும் அவர் எடுக்கலாம். வன்னி மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தமிழில் முறையான உளச்சிகிச்சை கொடுக்கப் பயின்றவர்களை விரல்விட்டு எண்ணக்கூடிய இடத்தில், திரைக்குப் பதிலாக இருப்பது நேர்ச்சந்திப்பு அல்ல. ஒன்றுமில்லாமைதான் இருக்கிறது. ஒப்பிடுவதானால் அதனோடு ஒப்பிட வேண்டும்.

நேரில் சந்திப்பதுதான் மருந்து என்றால், அந்த மருந்து எல்லாவற்றிலும் அதிகமாகத் தேவைப்பட்ட நாள்களில் அது எங்கே இருந்தது? போர் முடிந்த 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலிலிருந்து வட்டுவாகல் பாலம் கடந்து வந்தவர்கள் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர் வவுனியாவைச் சுற்றிக் கம்பிவேலிக்குள் இருந்தார்கள். செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. அந்த ஆண்டுகளில் வடக்கில் எந்த வேலைத்திட்டத்துக்கும் பசில் ராஜபக்சவின் தலைமையிலான ஜனாதிபதி செயலணியின் அனுமதி வேண்டியிருந்தது. வீதி போடலாம், வீடு கட்டலாம், கோழிக்குஞ்சு கொடுக்கலாம். உளசமூகப் பணி என்று எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வந்தன. சனத்தோடு உட்கார்ந்து கதைத்தால் என்னென்ன கதை வெளியே வரும் என்று செயலணியினருக்குத் தெரியும். ஒரு முழுத் தலைமுறை தன் இழவைச் சொல்லி அழ ஆள் கிடைக்காமல் மீளக்குடியேறியது. அப்படி நேரில் யாரையும் காணாமலே பதினைந்து ஆண்டுக்கு மேல் கடத்தியவர்களுக்குத்தான் இன்று நேர்ச்சந்திப்பின் மகிமையைப் போதிக்கிறோம்.

சரி, அது அரசாங்கம் செய்த வேலை என்பீர்கள். பிறகு நடந்ததைப் பாருங்கள். 2020 மார்ச் 20இல் ஊரடங்கு போட்டார்கள். கிளினிக் நோயாளிகளுக்கு மருந்து தபாலில் போனது. உளவளத்துணையாளர்கள் தொலைபேசியில் கதைத்தார்கள். 2022இல் பெற்றோல் வரிசை வந்தது. களத்துக்குப் போகும் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் இல்லை. மறுபடியும் தொலைபேசிதான். அந்த மாதங்களில் தொலைபேசியில் கதைத்ததால் மனிதர்கள் இன்னும் நொந்துபோனார்கள் என்று ஒருவரும் முறையிட்டதாக நான் அறியேன். எண்ணெய் வந்ததும் எல்லாரும் ‘சரிவராது’ என்ற பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டார்கள். வசதி திரும்பியது உத்தியோகத்தருக்கு. மல்லாவிப் பெண்ணுக்கு வரிசைக்கு முன்னும் பின்னும் ஒன்றுதான்.

இனி அந்தப் பெரிய வாதத்துக்கு வருகிறேன். எங்கள் சனம் உணர்ச்சி மிக்கது, கையைப் பிடித்துக் கதைத்தால்தான் மனம் திறக்கும், கண்ணாடிக்குள் தெரியும் முகத்திடம் எப்படி அழுவது என்கிறார்கள்.

இதைச் சொல்பவர்கள் வன்னியில் எந்த வீட்டிலும் இரவு எட்டு மணிக்குப் பிறகு இருந்ததில்லையா? தொண்ணூறுகளில் பிரான்சுக்குப் போன மகனுக்குத் தாய்மார் ஓடியோ கசற்றில் பேசிப் பதிந்து ஆள்கையில் கொடுத்தனுப்பினார்கள். அழுகையும் இருமலும் கோழி கூவுவதும் அதில் இருந்தன. 2002 சமாதான காலத்தில் கிளிநொச்சியில் தொலைத்தொடர்புக் கடைகள் முளைத்தபோது, ஆண்டுக்கணக்கில் குரல் கேளாத பிள்ளையோடு பேச வாங்கில் காத்திருந்தார்கள். பலகைத் தடுப்புக்குள் நின்று, அடுத்த ஆள் கேட்பதைக்கூடப் பொருட்படுத்தாமல் கதறினார்கள். இன்று வைபரும் வட்ஸ்அப்பும். ரொறன்ரோவில் விடியும் நேரம் விசுவமடுவில் தாய் அடுப்படியில் போனைச் சுவரோடு சாய்த்து வைத்துக்கொண்டு மகளோடு கதைத்துக் கறி காய்ச்சுகிறாள். பெண் பார்ப்பதும் பேரப்பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் திரையில். செத்தவீட்டை லைவ் போடாவிட்டால் வெளிநாட்டுச் சொந்தம் கோபித்துக்கொள்கிறது. வாய்க்கரிசி போடமுடியாத மகன் லண்டனில் திரைக்கு முன் நிலத்தில் புரண்டு அழுவதை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். உலகத்தில் எந்தச் சனமாவது தன் நெஞ்சைத் தொலைபேசிக்குள் கொட்டப் பழகியிருக்கிறது என்றால் அது எங்கள் சனம்தான். இந்தப் பழக்கத்தைப் போர் எங்களுக்குக் கொடுத்தது. விரும்பி எடுத்ததல்ல. ஆனால் அது எங்களிடம் இருக்கிறது. உளவளத்துணை என்று வந்ததும் மட்டும் அது இல்லாததுபோல் நடிக்கிறோம்.

ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றை இரண்டு பக்கமும் வளைத்துக் காட்டுவோர் உண்டு என்பதால் முழுதாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் சிக்காகோப் பக்கம் மனச்சோர்வு உள்ள 325 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு நேரிலும் பாதிப் பேருக்குத் தொலைபேசியிலும் ஒரே சிகிச்சையைப் பதினெட்டு அமர்வுகள் கொடுத்தார்கள். முடிவு 2012இல் வெளிவந்தது. நேரில் வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் இடையில் நின்றுவிட்டார்கள். தொலைபேசியில் பெற்றவர்களில் அப்படி நின்றுவிட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்கு. சிகிச்சை முடியும்போது இரு பகுதியாருக்கும் ஒரே அளவு சுகம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது நேரில் பெற்றவர்கள் சற்று முன்னே இருந்தார்கள். மறுப்போர் இந்தக் கடைசி வரியைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். பிடிக்கட்டும். நேர்ச்சந்திப்பில் ஒரு மிச்ச நன்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார் ஓடும் ஊரிலேயே மூன்றில் ஒருவர் வராமல் நின்றுவிட்டார் என்பதையும் அதே தாளில்தான் எழுதியிருக்கிறார்கள்.

எங்களுக்கு இன்னும் கிட்டிய உதாரணம் ஈராக். பேர்லினில் உள்ள, சித்திரவதைக்கு ஆளானவர்களுக்கான சிகிச்சை நிலையத்தோடு சேர்ந்து நடந்த முயற்சி அது. போரில் மனவடுப்பட்ட அரபு மொழிக்காரர் 159 பேர், பெரும்பாலும் ஈராக்கில் இருந்தவர்கள். வாரம் இரண்டு தடவை, ஐந்து வாரம், தங்களுக்கு நடந்ததை இணையத்தில் எழுதினார்கள். அரபு மொழிச் சிகிச்சையாளர் ஒருவர் வாசித்துப் பதில் எழுதி வழிகாட்டினார். முகம் இல்லை, குரல்கூட இல்லை. வெறும் எழுத்து. இடையில் விட்டுப்போனவர்கள் கணிசமானோர் இருந்தார்கள். ஆனாலும் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களோடு ஒப்பிட்டபோது, சிகிச்சை பெற்றவர்களுடைய கெட்ட கனவும் திடுக்கிடலும் பதகளிப்பும் தெளிவாகக் குறைந்திருந்தன. 2015இல் அது வெளிவந்தது. குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்டிலேயே எழுத்து வேலை செய்திருக்கிறது. எங்கள் பிள்ளைகள் பரீட்சைத் தாளில் எழுதாததை எல்லாம் போனில் இங்கிலிஷ் எழுத்தில் தமிழாகத் தட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேரில் வாய் திறக்காத பதினெட்டு வயதுப் பொடியன் நள்ளிரவில் பத்து வரி எழுதுவான். அதை வாசிக்கப் பயின்ற ஒருவர் மறுபக்கத்தில் இல்லை என்பதுதான் குறை.

இணையம் இருந்தால் போதும், மிச்சம் தானாய் நடக்கும் என்றும் நான் சொல்லவரவில்லை. தமிழ்நாட்டின் புதுக்கோட்டையைப் பாருங்கள். சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ப்’ நிறுவனம், 2010 அளவில் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பத் தொடங்கியது. பஸ்ஸுக்குள் ஒரு சிறிய அறை, ஒரு திரை, ஒரு மருந்தகம். மனச்சிதைவு போன்ற கடும் நோய் உள்ளவர் ஊர் மரத்தடியில் பஸ்ஸுக்குள் ஏறுவார். ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரத்தில் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் பார்த்துக் கதைப்பார். மருந்து அந்த இடத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். இடையில் வீடு தேடிப்போக உள்ளூரில் பயிற்றப்பட்ட களப்பணியாளர்கள் இருந்தார்கள். வன்னியில் ‘சரிவராது’ என்கிறவர்கள் கற்பனை செய்வது, ஒரு ஏழைப் பெண்ணின் கையில் விலை கூடிய போன் ஒன்றும் எதிரில் கொழும்பு ஆங்கிலம் பேசும் முகம் ஒன்றும். அதை நானும்தான் எதிர்ப்பேன். புதுக்கோட்டையில் தொலைவில் இருந்தது நிபுணர் மட்டுமே. மற்ற எல்லாம் ஊருக்குள் இருந்தன.

இனி, கூட்டங்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று. நேரில் சந்திப்பது வன்னிக் கிராமத்தில் அந்தரங்கமானது அல்ல. உளவளத்துணை உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்கிறார். நான் கண்ட சில அலுவலகங்களில் அவரது மேசை மற்ற மேசைகளுக்கு நடுவில் கிடக்கிறது. பக்கத்து மேசையில் அஸ்வெசும நலன்புரி விண்ணப்பத்துக்கு வந்த ஊர்க்காரர் இருக்கிறார். மாமன் செய்ததை ஒரு பெண் அங்கே சொல்வாளா? உத்தியோகத்தர் வீட்டுக்குப் போனால் வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் எழும்பும். “அவையின்ர வீட்டை ஏன் உவ வந்து போறா?” என்ற கேள்வி குளத்துக் கட்டு வரை போய்விடும். கலியாணப் பேச்சு நடக்கிற வீடென்றால் அதோடு சரி. மனநலக் கிளினிக் வரிசையில் நிற்பதற்குப் பயந்து, பக்கத்து மாவட்டக் கிளினிக்குக்குப் போகிறவர்கள் உண்டு. தூரம் அவர்களுக்குப் பாதுகாப்பு. முகம் அறியாத, ஊர் அறியாத, தன் சாதியையும் சொந்தத்தையும் விசாரிக்காத ஒருவரிடம் சொல்வது லேசு. இது எங்களுக்குத் தெரியாததா? உறவினருக்குச் சொல்லாததைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அந்நியருக்குச் சொல்லிவிட்டு முறிகண்டியில் இறங்கிப் போனவர்கள் நாங்கள்.

“போனில கதைச்சாக் கேப்பாங்கள்” என்பது இன்னொரு தடை. இதைச் சிரித்துத் தள்ள எனக்கு உரிமை இல்லை. புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் போராளிகளின் வீடுகளுக்கும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் வீடுகளுக்கும் சிவில் உடையில் வந்து விசாரித்துப் போகிறவர்களை இந்த ஊர் நன்றாக அறியும். ஆனால் அந்தப் பயத்தை வைத்து நேர்ச்சந்திப்பை உயர்த்துவது எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வரும் உளவளத்துணையாளரைத் தெருவில் நிற்பவன் காண்கிறான். கூட்டம் கூடினால் யார் வந்தது என்று பிறகு விசாரணை வருகிறது. வட்ஸ்அப், சிக்னல் போன்ற செயலிகளின் அழைப்புகள் இரு முனைக்கும் இடையில் பூட்டப்பட்டுப் போகின்றன. சாதாரண அழைப்பைவிட அது காவல் கூடியது. கையிலுள்ள போனையே பறித்துத் திறக்கச் சொன்னால் எந்தப் பூட்டும் உதவாது என்பதும் உண்மை. சிகிச்சைக்குப் படையணியின் பெயரோ பொறுப்பாளரின் பெயரோ தேவையில்லை. இரவில் என்ன கனவு வருகிறது, என்ன சத்தம் கேட்டால் உடம்பு நடுங்குகிறது என்பதுதான் தேவை. அதையும் சொல்லப் பயமாக இருந்தால் சொல்லாமல் விடலாம். எதைப் போனில் சொல்வது, எதைக் கோயில் வீதியில் நடந்தபடி சொல்வது என்று முடிவெடுக்க எங்கள் சனத்துக்குத் தெரியும். அவர்களுக்காக நாங்கள் முன்கூட்டியே கதவைச் சாத்தத் தேவையில்லை.

ஓரிடத்தில் மட்டும் மறுப்போர் சொல்வதற்கு முழுதாய்த் தலைவணங்குகிறேன். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபாவுக்குக் கட்டிய வீட்டில் புருசன், மாமி, நாலு பிள்ளை. கதவு பூட்டிக் கதைக்க ஓர் அறை இல்லை. புருசன் அடிக்கிறவன், அவள் யாரோடு கதைத்தாள் என்று போனை எடுத்துப் பார்க்கிறவன் என்றால், வீட்டில் இருந்து கதைக்கச் சொல்வது அவளைக் கொண்டுபோய் அவன் கையில் கொடுப்பது. அவளுக்குக் கிளினிக் போகிறேன் என்ற சாட்டுத்தான் காவல். தற்கொலையின் விளிம்பில் நிற்பவருக்கும், குரல்கள் கேட்டு மருந்தை நிறுத்திவிட்டவருக்கும், கசிப்போ வேறு போதையோ உடம்பில் ஏறிய நிலையில் இருப்பவருக்கும் திரை மட்டும் போதாது. பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும், ஆஸ்பத்திரி வேண்டும். கிராமத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தலும் களைநாசினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. முந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கும் சிகிச்சையாளர், முதல் நாளே அந்த வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஒருவரின் தொலைபேசி இலக்கத்தை வாங்கி வைக்கவில்லை என்றால் அவர் தொழில் தெரியாதவர்.

சிக்னல் இல்லை என்பது பாதி உண்மை. துணுக்காய்க் காட்டோரத்திலும் கொக்கிளாய்க் கரையிலும் மாமரத்தில் ஏறினால்தான் படம் ஓடும். ஆனால் படம் எதற்கு? சிக்காகோவில் செய்தது தொலைபேசிக் குரலில். எந்தச் சாதாரணப் போனிலும் அது எடுபடும். ரீலோட் போட வழியில்லாதவருக்கு 1926 என்ற தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் இருக்கிறது. தற்கொலைத் தடுப்பு அமைப்பான சுமித்திரயோ 1974இலிருந்து இந்த நாட்டில் நேரிலும் தொலைபேசியிலும் கதைத்து மனிதர்களைத் தற்கொலையிலிருந்து திருப்பிக்கொண்டிருக்கிறது. தொலைபேசியில் உயிர் காக்கலாம் என்று ஐம்பது ஆண்டாக ஏற்றுக்கொண்ட நாட்டில், தொலைபேசியில் துக்கம் ஆற்ற முடியாது என்று வாதாடுகிறோம்.

கற்றறிந்தவர்கள் வைக்கும் மறுப்பு இன்னொன்று. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியின் மனவடுவைப் பற்றி 2010இல் எழுதியபோது அதைத் தனிமனித நோயாக அல்ல, கூட்டு மனவடுவாகவே விளக்கினார். குடும்பம், ஊர், நம்பிக்கை எல்லாம் சேர்ந்து சிதைந்தது என்றார். அதைப் பிடித்துக்கொண்டு, தனி ஆளைத் திரைக்கு முன் உட்கார்த்துவது மேற்கத்தைய முறை, எங்களுக்கு வேண்டியது குடும்பமும் சமூகமும் சேர்ந்த ஆற்றுகை என்கிறார்கள். விளக்கம் சரி. வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கூடும் சனம் அங்கே இறக்கிவைத்துவிட்டு வரும் பாரத்தை எந்தச் செயலியும் இறக்காது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் பாயில் வட்டமாக இருந்து ஒருவரையொருவர் பிடித்து அழுவதற்கும் மாற்று இல்லை. அதை யாரும் இணையத்துக்கு மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் குடும்பம் என்று சொன்னீர்களே, அந்தக் குடும்பம் எங்கே இருக்கிறது? தாய் விசுவமடுவில். மூத்தவன் பாரிசில் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுச் சமையலறையில் கோப்பை கழுவுகிறான். மகள் கலியாணம் முடித்து வவுனியாவில். தகப்பன் 2009இல் இல்லாமல் போனார், எப்படி என்று யாருக்கும் தெரியாது. தகப்பனுக்குத் திவசம் செய்வதா இல்லையா என்பதில் தாய்க்கும் மூத்தவனுக்கும் மூன்று வருடமாகக் கதை பேச்சு இல்லை. தாய் பொட்டை அழிக்கமாட்டேன் என்கிறாள். மகன் அவர் செத்துவிட்டார் என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்கிறான். இந்தக் குடும்பத்துக்குக் குடும்ப ஆற்றுகை செய்ய எந்த மண்டபத்தில் கூட்டுவீர்கள்? மூத்தவன் விமானம் ஏறினால் திரும்பிப் போக முடியாது. இவர்கள் மூவரும், பயின்ற ஒருவரின் முன்னிலையில், ஒரே நேரத்தில் உட்காரக்கூடிய ஒரே இடம் திரை. வன்னியில் அரைவாசிக் குடும்பங்களின் நிலை ஏறத்தாழ இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூட்டாக ஆற்றுப்படுத்த வேண்டும் என்ற வாதத்தை உண்மையாக நம்புகிறவர் எல்லாருக்கும் முந்தி இணையவழிச் சிகிச்சையைக் கேட்டுப் போராட வேண்டும்.

“சனத்துக்குத் தேவை கவுன்சிலிங் இல்லை, காணியும் நீதியும்” என்ற குரலும் வரும். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் பந்தல் போட்டு இருந்தவர்களில் எத்தனையோ தாய் தகப்பன்மார் பதில் கிடைக்காமலே கண்மூடிவிட்டார்கள். அவர்களுக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்புவது அயோக்கியத்தனம். நுண்கடன்காரன் வாசலில் நிற்கும்போது ‘உங்கள் எண்ணத்தை மாற்றுங்கள்’ என்பதும் அப்படியே. ஆனால் இந்தக் குற்றச்சாட்டு உளவளத்துணை முழுவதன் மேலும் விழவேண்டியது. தொலைபேசியை மட்டும் பிடித்து அடிக்க அது உதவாது. நீதி வரும்வரை நித்திரையும் வரக்கூடாது என்று யார் விதித்தது? போராட்டப் பந்தலில் நாளைக்கும் போய் இருப்பதற்கு அந்தத் தாய்க்கு இன்றிரவு நாலு மணித்தியால நித்திரை வேண்டும்.

2023 யூன் கடைசியில் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய்க்கு மண் வெட்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. எலும்புகளின் படமும் உடைத் துண்டுகளின் படமும் அன்றே வன்னி முழுதும் போன்களில் ஓடின. தன் பிள்ளை போட்டிருந்த உடுப்பை அந்தப் படத்தில் தேடிப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் எத்தனை பேர். அடி வந்தது கைக்குள் இருந்த போனில், இரவு பத்து மணிக்கு. ஆறுதல் மட்டும் அடுத்த கிளினிக் நாளில், மாஞ்சோலையில், காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்று பெறவேண்டும் என்பது என்ன ஒழுங்கு?

போலிகள் வருவார்கள் என்ற பயம் நியாயம்தான். வந்தும்விட்டார்கள். முகநூலில் ‘உளவியல் ஆலோசகர்’ என்று போட்டுக்கொள்வதற்கு ஒரு சான்றிதழ்ப் படமும் கோட்டும் போதுமாக இருக்கிறது. புலம்பெயர் நாட்டிலிருந்து உதவ முன்வருகிற எங்கள் பிள்ளைகளில் சிலருக்குப் பாடம் தெரியும், ஊர் தெரியாது. “நெஞ்சு பத்துது” என்று ஒரு அம்மா சொன்னால் இதய வைத்தியரிடம் அனுப்பிவிடுவார்கள். ஆகவே யார் கதைப்பது, யார் மேற்பார்வை, எந்த மருத்துவர் பின்னால் நிற்கிறார், பதிவு எங்கே வைக்கப்படுகிறது, பிழை நடந்தால் யாரிடம் முறையிடுவது என்பதைக் கேட்டே ஆகவேண்டும். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் நிறுவனம் 1987இலிருந்து ஆற்றுப்படுத்துநர்களைப் பயிற்றி வருகிறது. மேற்பார்வை என்றால் என்ன என்று தெரிந்தவர்கள் வடக்கில் இல்லாமல் இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டமல்ல. மல்லாவி, புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி, முழங்காவில் வைத்தியசாலைகளில் கதவு பூட்டக்கூடிய ஓர் அறை. வெளியே ‘மனநலம்’ என்று பலகை போடாமல், வெறும் அறை இலக்கம் மட்டும். உள்ளே கதிரை, திரை, நல்ல இணைப்பு, மின்வெட்டு வந்தால் ஓட ஒரு பற்றரி. வாசலில் இருந்து தண்ணி கொடுத்து, கதைத்து முடித்து அழுதுகொண்டு வருபவரோடு பத்து நிமிடம் இருந்து, தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப்போக உள்ளூர்ப் பணியாளர் ஒருவர். அடிக்கிற புருசன் உள்ள பெண்ணுக்கும் அது கிளினிக் அறைதான், போனில் தடயம் இராது. வீட்டில் இருந்தே கதைக்க விரும்புவோருக்கு வாரத்தில் குறித்த நேரத்தில் அழைப்பு எடுக்கப்பட வேண்டும். காசு எடுப்பவர் கணக்கில் போகவேண்டும். 1926 இலக்கத்தில் நள்ளிரவிலும் தமிழில் எடுக்க ஆள் இருக்கிறாரா என்று மாகாண சுகாதார அமைச்சு வாரம் ஒருமுறை தானே அழைத்துப் பார்க்கட்டும். முதல் சந்திப்பு முடியுமானால் நேரில் நடக்கட்டும், பிறகு பத்துத் தடவை தொலைபேசியில் தொடரட்டும், இடையில் ஒருமுறை களப்பணியாளர் போய்ப் பார்க்கட்டும். இதற்கு முதலில் வேண்டியது, அடுத்த கூட்டத்தில் தேநீருக்கு முன் அந்த வசனம் வரும்போது, மல்லாவியிலிருந்து பஸ் எத்தனை மணிக்கு என்று யாராவது எழும்பிக் கேட்பது.